புதுச்சேரிக் கடற்கரையின் ஏற்றமும் வற்றமும்

புதுச்சேரி நகரம் வங்காள விரிகுடாவின் மேற்கில், சோழமண்டலக் கடற்கரையில் அமைந்துள்ளது. இங்குக் கடல்மட்டம் ஒவ்வொரு நாளும் இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்கிறது. இந்த வேறுபாடு மிகச் சிறியது. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏறத்தாழ முக்கால் மீட்டர். அட்டமியை ஒட்டி அதில் பாதிதான். ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது.

ஆனால் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் "இன்றைக்குக் கடல் ஏறி வந்திருக்கிறது", "இன்றைக்குக் கடல் உள்வாங்கியிருக்கிறது" என்று பேசிக்கொள்வதைக் கேட்டால், பல மீட்டர் ஏறி இறங்குகிற கடல் என்றே தோன்றும். அவர்கள் காண்பது பொய்யன்று. ஆனால் அதில் சந்திரனால் விளைவது ஒரு பகுதியே. மற்றவை அலையாலும், காற்றாலும், பருவத்தாலும் விளைகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, கரையில் முன்பு இருந்த மணல் இல்லாமற் போனதும் ஒரு காரணம். இவற்றைப் பிரித்தறியாவிட்டால், புதுச்சேரி தன் மணற்கரையை இழந்த வரலாறும் "கடல் வந்து கொண்டுபோய்விட்டது" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும்.

சொற்கள்

கடல்மட்டத்தின் இந்த அன்றாட உயர்வு தாழ்வைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஓதம்' என்கின்றன. சுவரில் ஏறும் ஈரத்தையும் ஓதம் என்றே சொல்கிறோம். கரையோர மக்கள் பேச்சில் வழங்குவன ஏற்றம், வற்றம் (ஏத்தம், வத்தம்) என்னும் சொற்கள். பழைய புவியியல் நூல்களில் வேலியேற்றம், வேலியிறக்கம் என்றும், இலங்கைத் தமிழில் வற்றுப்பெருக்கு என்றும் காணலாம்.

மாணவர்கள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. பாடநூலில் 'உயர் ஓதம்' என்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தையும், 'தாழ் ஓதம்' என்பது அட்டமியை ஒட்டி வரும் சிறிய ஓதத்தையும் குறிக்கும். ஒரே நாளில் நீர் உச்சிக்கு ஏறும் நேரத்தையும் அடிக்கு இறங்கும் நேரத்தையும் அச்சொற்கள் குறிப்பதில்லை. தேர்வுத்தாளில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர். இக்கட்டுரையில் ஒரு நாளின் உச்ச நிலை ஏற்றம் என்றும், அடி நிலை வற்றம் என்றும் வழங்கப்படுகின்றன.

ஒரு நாளில் நடப்பது

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். இடையில் ஒரு வற்றம் வரும். ஆகவே இன்று காலை 7 மணிக்கு ஏற்றம் என்றால், பகல் ஒரு மணியைச் சற்றுத் தாண்டி வற்றம். இரவு ஏழரை மணியளவில் மீண்டும் ஏற்றம். மறுநாள் காலை ஏற்றம் 7.50 மணியளவில். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் இந்தக் கணக்குத்தான் சந்திரன் நாள்தோறும் பிந்தி எழுவதன் கணக்கும்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றத்திலிருந்து கிளம்பும்போது மெதுவாகவும், இடையில் விரைவாகவும், உச்சியை நெருங்கும்போது மீண்டும் மெதுவாகவும் ஏறும். ஆறு மணி நேர ஏற்றத்தில் பாதி உயரம் நடு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். புதுச்சேரியில் முக்கால் மீட்டர் ஏறும் நாளில்கூட, அந்த விரைவான நேரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான். கடலோரத்தில் நிற்பவரின் கண்ணுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஏனெனில் அவர் முன்னால் சில விநாடிகளுக்கு ஒருமுறை அரை மீட்டரோ ஒரு மீட்டரோ உயரமுள்ள அலை எழுந்து விழுந்துகொண்டிருக்கிறது.

காரணம்

சந்திரனின் ஈர்ப்பு பூமியின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. சந்திரனை நோக்கிய பக்கத்தில் சற்று மிகுதி. எதிர்ப்பக்கத்தில் சற்றுக் குறைவு. மிகுதியான பக்கத்தில் நீர் சந்திரனை நோக்கிப் புடைக்கிறது. குறைவான பக்கத்தில், பூமியின் நடுப்பகுதி இழுபடும் அளவுக்கு நீர் இழுபடாமல் பின்தங்குவதால் அங்கும் ஒரு புடைப்பு உண்டாகிறது. சந்திரன் ஒரு பக்கம்தானே இருக்கிறது, ஏற்றம் ஏன் இருமுறை வருகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை.

சூரியனும் இவ்வாறே இழுக்கிறது. ஆனால் ஓதத்தைப் பொறுத்தவரை அதன் வலிமை சந்திரனுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் மிகுதியாகவும் வற்றம் ஆழமாகவும் இருக்கும். அட்டமி வாக்கில் ஒன்றுக்கொன்று குறுக்காக இழுப்பதால் வேறுபாடு சுருங்கும். பெரிய ஓதம் சரியாக அமாவாசையன்றோ பௌர்ணமியன்றோ வராமல், பெரும்பாலும் ஓரிரு நாள் பிந்தி வரும். சந்திரன் பூமிக்கு நெருங்கி வரும் மாதங்களிலும், இரவும் பகலும் சமமாக உள்ள மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும் அது இன்னும் சற்றுப் பெரிதாகும்.

சந்திரன் தலைக்கு மேலே வரும்போதுதான் ஏற்றம் வரும் என்று எண்ணிவிடக்கூடாது. நிலப்பரப்புகள் குறுக்கே நிற்பதாலும், கடலின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுவதாலும் ஏற்றம் ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. ஆனால் ஓர் ஊருக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ மாறாதது. அமாவாசையன்று எந்த நேரத்தில் ஏற்றமோ, அடுத்த பௌர்ணமியன்றும் ஏறத்தாழ அதே நேரம்தான்.

புதுச்சேரியில் ஏன் சிறிது

ஆழ்கடலில் ஓதத்தின் உயரம் எங்கும் குறைவே. கரையை நெருங்கும்போது, கடலடி மேடையாக அகன்று ஆழமின்றிக் கிடந்தாலும், கரை புனல்போல் குறுகினாலும், நீர் நெருக்கப்பட்டு உயரும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இது 16 மீட்டர் வரை போகிறது. குசராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டரைத் தாண்டுகிறது. புதுச்சேரியின் கரை ஏறத்தாழ நேர்கோடு. எதிரே திறந்த கடல். கடலடி மேடையும் அகலம் குறைந்தது. நீரை நெருக்க எதுவும் இல்லை. இதே கரையில் வடக்கே போகப் போக, விரிகுடாவின் தலைப்பகுதி குறுகுவதால் ஓதம் வளர்கிறது. சென்னையில் பெரிய ஓதம் சுமார் ஒரு மீட்டர். விசாகப்பட்டினத்தில் சுமார் ஒன்றரை மீட்டர். ஹூக்ளி ஆற்று முகத்துவாரத்தில் 4 மீட்டருக்கும் மேல்.

இந்தச் சிறுமைக்கு ஒரு வரலாற்று விளைவு உண்டு. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு மாலுமிகள் பலர் பிரிட்டனிக் கரையைச் சேர்ந்தவர்கள். 1746இல் சென்னையைப் பிடித்த கடற்படைத் தலைவர் லா பூர்தொனே பிறந்த சேன் மாலோ துறைமுகத்தில் ஓதம் 12 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அங்கே ஏற்றத்தில் கப்பல் துறைக்குள் நுழையும். வற்றத்தில் தரைதட்டி நிற்கும் கப்பலின் அடிப்பகுதியைச் செப்பனிடலாம். புதுச்சேரியில் இதற்கெல்லாம் வழியில்லை. இங்கு ஏற்றமும் கப்பலைக் கரைக்குக் கொண்டுவராது. ஆகவே கப்பல்கள் ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்குப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கையும் மக்களையும் ஏற்றி இறக்கின. சலங்கு என்ற தமிழ்ச் சொல்லே பிரெஞ்சில் 'ஷெலேங்' ஆயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வரவும் போக்கும் இடைவிடாமல் பேசப்படுவதற்கு இந்தத் துறையமைப்பு ஒரு காரணம்: வந்த கப்பல் கண்ணெதிரே கடலில் நிற்கும், அதிலிருந்து சரக்கு இறங்குமா என்பதை அலைதான் முடிவு செய்யும். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அது 1952 புயலில் அழிந்தது. அதன் பின் தெற்கே கட்டப்பட்ட பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில், பருவம் தப்பி வந்த காற்றழுத்தத் தாழ்வின்போது இடிந்து விழுந்தது.

மணலில் தெரிவதும் கல்லில் மறைவதும்

ஓதம் செங்குத்தாக ஏறி இறங்குவது. ஆனால் மனிதர் அதைக் கிடைமட்டமாகத்தான் காண்கிறார்கள். பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள மணற்கரையில் 60 சென்டிமீட்டர் ஏற்றம் என்றால், நீரின் விளிம்பு 6 மீட்டர் முன்னே வரும். சரிவு இருபதுக்கு ஒன்று என்றால் 12 மீட்டர். காலையில் ஈரமாக இருந்த இடத்தில் நண்பகலில் குழந்தைகள் விளையாடுவார்கள். அதாவது மணற்கரை, சிறிய ஓதத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி.

புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலையோரம் பல ஆண்டுகள் அந்தக் கருவி இல்லை. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளச் சாலையின் கிழக்கு விளிம்பில் கருங்கற்கள் குவிக்கப்பட்டன. கல்லில் மோதும் நீருக்கு முன்னே வர இடமில்லை. மேலே ஏறத்தான் முடியும். முக்கால் மீட்டர் உயர்வு கற்களுக்கிடையே மறைந்துபோகும். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் நிறுத்தப்பட்ட சாலையில் நடக்க வருகிறவர், அப்போது ஏற்றமா வற்றமா என்று கேட்டால் பெரும்பாலும் விடை சொல்ல முடியாது. கற்களில் பாசி படிந்த பட்டையைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். அந்தப் பட்டை முழுவதும் நனைந்திருந்தால் ஏற்றம். அதன் கீழ்ப்பகுதியும் வெளியே தெரிந்தால் வற்றம்.

அவர் காண்பது அலையின் சீற்றத்தை. அதிலும் ஓதத்துக்குப் பங்கு உண்டு, மறைமுகமாக. அலை தன் உயரத்தைப்போல் சுமார் ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடைந்துவிடும். வற்றத்தில் பெரிய அலைகள் தொலைவிலேயே உடைந்து வலுவிழக்கும். ஏற்றத்தில் கல்லடியில் ஆழம் கூடுவதால், அதே அலைகள் உடையாமல் கற்கள் வரை வந்து மோதும். சாலையில் நீர் தெறிக்கும். மணல் இல்லாத கரையில் கல்லடியில் எப்போதும் ஆழம் மிகுதி என்பதால், முன்பு அரிதாக நடந்தது அடிக்கடி நடக்கும். "முன்பெல்லாம் கடல் இவ்வளவு ஏறாது" என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஓதம் வளரவில்லை, கரைதான் போயிற்று.

பருவம்

ஓதத்தோடு குழப்பிக்கொள்ளப்படும் மற்றொன்று ஆண்டுச் சுழற்சி. சோழமண்டலக் கரையில் கடலின் சராசரி மட்டமே ஆண்டு முழுதும் ஒன்றாக இல்லை. பங்குனி வாக்கில் தாழ்ந்தும், ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். வேறுபாடு சில பத்து சென்டிமீட்டர். கரையோரக் கடல் நீரோட்டம் கோடைத் தொடக்கத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் திரும்புவது இதற்கு முக்கியக் காரணம். ஆகவே கார்த்திகைப் பௌர்ணமி ஏற்றமும் பங்குனிப் பௌர்ணமி ஏற்றமும் ஓத அளவில் ஒத்திருந்தாலும், கரையில் நீர் நிற்கும் உயரம் வேறு. போதாததற்குக் கார்த்திகையில் அலையும் பெரிது. அந்த அலை மணலைக் கரையிலிருந்து வாரிச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் திட்டாகப் போடும். அமைதியான மாதங்களில் சிறு அலைகள் அதைத் திரும்பக் கொண்டுவரும்.

புதுச்சேரியின் பெரிய கடல் விழாவான மாசி மகம் இந்தக் கணக்கில் நல்ல நாளில் அமைந்திருக்கிறது. மாசிப் பௌர்ணமியை ஒட்டி, மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும். அப்போது பெரிய ஓதம் நடக்கும் காலம். வற்றத்தில் மணல் அகலமாக வெளிப்படும். சராசரி மட்டமும் தாழ்ந்த பருவம். வடகிழக்குக் காற்றும் ஓய்ந்திருக்கும். கூட்டம் நிற்க இடம் வேண்டும் விழாவுக்கு ஆண்டில் இதைவிடப் பொருத்தமான பௌர்ணமி அமைவது கடினம். விழாவை ஏற்படுத்தியவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. நாள் மகநட்சத்திரத்தால் அமைவது.

மணல் எங்கே போயிற்று

மணலைக் கரைநெடுக நகர்த்துவது ஓதம் அன்று, சாய்வாக வந்து மோதும் அலை. மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் தென்கிழக்கிலிருந்து வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறித் தெற்கே தள்ளுகின்றன. வடக்கே போகும் காலம் நீளமானது என்பதால், ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடதிசைப் பயணம். அளவு ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர். கரை நிலையாக இருப்பதாகத் தோன்றினாலும் அதன் மணல் நிலையாக இல்லை. தெற்கிலிருந்து வருவதும் வடக்கே போவதும் சமமாக இருந்தவரை கரை அப்படியே இருந்தது.

1980களின் பிற்பகுதியில், நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைபட்டது. தென்புறம் வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடபுறம் நகரக் கரைக்கு வரவேண்டியது வரவில்லை. போகவேண்டியது மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தடைபடும் மணலை எடுத்து வடக்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இத்தகைய துறைமுகங்களின் அடிப்படை விதி. புதுச்சேரியில் அது போதிய அளவில் தொடர்ந்து நடைபெறவில்லை. சில ஆண்டுகளில் மணற்கரை மறைந்தது.

இது முன்பே கண்ட பாடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோது தெற்கே மணல் சேர்ந்து மெரினாவின் பெருமணல் விரிந்தது; வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின் அதே கரையில் அதே தவறு திரும்ப நடந்தது என்பதுதான் புதுச்சேரிக் கதையில் வருத்தத்துக்குரிய பகுதி.

கற்களைக் கொட்டியதால் சாலை காப்பாற்றப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போதும் நகரத்துக்கு அந்தக் கற்கரை ஓரளவு அரணாக இருந்தது. ஆனால் கல் மணலைத் தராது. அரிப்பு கல் முடியும் இடத்துக்கு, அதாவது வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அவற்றைக் கடந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், மீண்டும் புதுச்சேரியைச் சேர்ந்த பிள்ளைச்சாவடி என்று அது ஊர் ஊராகப் போனது. ஓர் ஊருக்குக் கல்லோ 'தூண்டில் வளைவோ' போட்டால் அதற்கு வடக்கே உள்ள ஊர் அடுத்து அரிக்கப்படும். அவ்வூரும் கல் கேட்டுப் போராடும். மாநில எல்லை கரையை வெட்டி வெட்டிச் செல்வதால், ஒருவர் போட்ட கல்லின் விளைவு மற்றவர் எல்லையில் தெரியும்.

மீனவர்க்கு மணற்கரை அழகுக்கானது அன்று. படகை ஏற்றி நிறுத்தவும், வலையை உலர்த்திச் செப்பனிடவும், மீனை இறக்கி ஏலம் விடவும் அதுவே இடம். கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலைக்கு மணல் இல்லாமல் வழியே இல்லை. கற்குவியலில் படகை ஏற்ற முடியாது. ஆகவே மணல் போன ஊர்களில் படகைத் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதாகிறது. வீடு ஓரிடம், தொழில் ஓரிடம் ஆகிறது. புயல் காலத்தில் வீட்டுச்சுவரே கடலுக்குள் விழுந்த குடும்பங்களும் உண்டு.

2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள், நீர்மட்டத்துக்குக் கீழே, ஆப்பு வடிவிலான பெரிய எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையின் வேகத்தைக் குறைத்து அதன் பின்னே மணலைத் தங்கவைப்பது நோக்கம். முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. சில மாதங்களில் காந்தி சிலையை அடுத்து மணற்பரப்பு தோன்றியது. அதன் அகலம் பருவத்துக்கேற்ப மாறினாலும், ஒரு தலைமுறை காணாத காட்சி திரும்ப வந்தது: நீரின் விளிம்பு மணலில் முன்னும் பின்னும் போகும் காட்சி. வடக்கே உள்ள குப்பங்களுக்கு இந்த மணல் போய்ச் சேரவில்லை.

முகத்துவாரத்தில் ஓதம்

புதுச்சேரியில் ஓதத்தைத் தெளிவாகக் காண விரும்புவோர் திறந்த கடலைவிட ஆற்று முகத்துவாரங்களுக்குச் செல்வது நல்லது. அரியாங்குப்பம் ஆற்றிலும் சுண்ணாம்பாற்றிலும் ஏற்றத்தின்போது கடல்நீர் உட்புகுந்து, வற்றத்தின்போது வெளியேறுகிறது. அங்கு அலை இல்லை. நீர்மட்டம் ஏறி இறங்குவது அப்படியே தெரியும். மழையில்லாத மாதங்களில் ஆறு மேற்கு நோக்கி ஓடுவதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. தேங்காய்த்திட்டுப் பகுதியின் அலையாத்திச் செடிகள் இந்த உப்புநீர் வந்துபோவதை நம்பியே வளர்கின்றன. வேர்கள் வற்றத்தில் மூச்சுவிட்டு, ஏற்றத்தில் மூழ்கும்.

முகத்துவாரத்தில் மணல் திட்டுப் போட்டுவிட்டால், மீன்பிடிப் படகுகள் ஏற்றத்துக்குக் காத்திருந்துதான் போக வர முடியும். மற்ற இடத்தில் பொருட்படுத்தாத அரை மீட்டர், அங்கே படகு தரைதட்டுவதா மிதப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஓதம் தானாக உள்ளே போய் வெளியே வரும் வேகம் முகத்துவாரத்தை ஓரளவு திறந்து வைத்திருக்கும். ஆனால் இவ்வளவு சிறிய ஓதத்துக்கு அந்த வலிமை போதாது, தூர்வாரித்தான் ஆகவேண்டும்.

இவ்வாற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்து உரோமானிய வணிகத் தொடர்பை வெளிக்கொணர்ந்த இடம். அலையடிக்கும் திறந்த கரையை விட்டு, ஓதநீர் அமைதியாக ஏறி இறங்கும் ஆற்றங்கரையை அக்கால வணிகர்கள் தேர்ந்தது, இந்தக் கடலை நன்கு அறிந்தவர்கள் செய்யக்கூடியதே.

புயல்

புயலின்போது கடல் ஏறுவது ஓதம் அன்று. தாழ்ந்த காற்றழுத்தம் நீரைச் சற்று உயர்த்துகிறது; அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். அதைவிடப் பெரிதாக, காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளிக் குவிக்கிறது. வானிலை அறிக்கைகளில் வரும் "இயல்பான ஓதத்துக்கு மேல் ஒரு மீட்டர்" என்ற தொடரைக் கவனித்துப் படிக்க வேண்டும். புயல் கரையைக் கடக்கும் நேரம் வற்றமாக இருந்தால் அந்த ஒரு மீட்டரில் ஒரு பகுதி ஈடுசெய்யப்படும். ஏற்றமாக இருந்தால் முழுதும் சேரும். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2020 நவம்பர் நிவர், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் ஆகிய மூன்றும் புதுச்சேரியை ஒட்டியே கரை கடந்தவை. 1761 சனவரி 1 அன்று வீசிய புயல், நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. ஆயினும் அம்மாதம் 16இல் நகரம் பணிந்தது.

ஆழிப்பேரலைக்கும் ஓதத்துக்கும் தொடர்பே இல்லை. அது கடலடி நிலநடுக்கத்தால் எழுவது. 2004இல் அதைச் சென்னையின் ஓதமானி பதிவு செய்தது என்பது மட்டுமே இரண்டுக்கும் உள்ள உறவு.

புவி வெப்பமாதலால் உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் உயர்ந்துவருகிறது. புதுச்சேரி ஓதம் இரண்டு நிமிடத்தில்கூட இதைவிட அதிகமாக ஏறிவிடும். ஆனால் ஓதம் ஏறியதும் இறங்கிவிடும்; இது இறங்குவதில்லை.

மாணவர்கள் செய்து பார்க்க

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் துறைமுகங்களுக்கான ஓத அட்டவணையை வெளியிடுகிறது. அட்டவணை இல்லாமலும் ஒரு பள்ளி மாணவர் தாமே கண்டறியலாம். சுண்ணாம்பாற்றிலோ துறைமுக உட்பகுதியிலோ, பெரியவர் ஒருவருடன், பாதுகாப்பாக நின்று பார்க்கக்கூடிய ஒரு தூணைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தூணில் நீர் தொடும் உயரத்தை ஏதேனும் ஓர் அடையாளத்திலிருந்து கணக்கிட்டு, ஒரு மணிக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். சிறு தளும்பல் தொல்லை தந்தால், அடியில் சிறு துளையிட்ட நெகிழிக் குழாயை நீரில் நிறுத்தி உள்ளே தெரியும் மட்டத்தைப் பார்க்கலாம். தளும்பல் துளை வழியே விரைவில் நுழைய முடியாது. மெதுவாக ஏறும் ஓதம் நுழைந்துவிடும். பழைய வகை ஓதமானிகள் வேலை செய்ததும் இதே முறையில்தான்.

கடற்கரைச் சாலையின் பாசி படிந்த கற்களில் இறங்கி இதைச் செய்யக்கூடாது, வழுக்கும்.

ஒரு பகல் முழுதும் குறித்ததை வரைபடத் தாளில் இட்டால் ஓர் அலைக்கோடு கிடைக்கும். அதையே அமாவாசையன்று ஒருமுறை, அட்டமியன்று ஒருமுறை, பௌர்ணமியன்று ஒருமுறை செய்தால் மூன்று கோடுகள் கிடைக்கும். அட்டமிக் கோடு தட்டையாகவும், மற்ற இரண்டும் உயர்ந்தும், அவ்விரண்டின் உச்சி ஏறத்தாழ ஒரே மணியிலும் அமைந்திருக்கும். ஆற்றில் எடுத்த நேரம் கடலில் ஏற்றம் வந்த நேரத்தைவிடச் சற்றுப் பிந்தியிருக்கும்; முகத்துவாரம் எவ்வளவு அடைபட்டிருக்கிறதோ அவ்வளவு பிந்தும்.